கார்த்திகைப் பூ: வளவில் வளர்க்கும் முறை

மீள்குடியேறிய எங்கள் வளவில் வேலியோரமாகக் கார்த்திகைப் பூ வைத்திருக்கிறேன். காந்தள் என்பதும் இதுதான். கோடையில் கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, மாரி மழையோடு மீண்டும் முளைக்கும்.

கிழங்கைக் காட்டில் தேடாமல் அயலிலே கேட்டு வாங்குங்கள். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உள்ளன. மழைக்கு முன், நீர் தேங்காத மண்ணில், நுனிமுளை உடையாமல் கிடையாக 5 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் நடுங்கள். இலைநுனி சுருண்டு பற்றி ஏறக் கம்பிவேலி போதும். பூ மஞ்சளாக விரிந்து, நாளாக ஆகச் சிவக்கும்.

ஒன்றில் கவனம் தேவை. செடி முழுவதும் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். வற்றாளங்கிழங்கு என நினைத்து உண்டு இறந்தவர்கள் நம் நாட்டில் உள்ளனர். நான் கையுறையோடுதான் தோண்டுவேன். மரக்கறிப் பாத்திக்கு அருகிலும், பிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டும் இடத்திலும் நடாதீர்கள்.