அயற்கூற்றில் எஞ்சிய குரல்: ரிக்கார்டோவின் நாடாளுமன்ற உரைகள்

பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1819 பிப்ரவரியில் பிரிட்டனின் பொதுமக்கள் அவையில் உறுப்பினராக அமர்ந்தார். அவர் சார்பு செய்த அயர்லாந்தின் போர்ட்டார்லிங்டன் தொகுதி பணங்கொடுத்துப் பெற்றதாகும். 1823 செப்டம்பரில் இறக்கும்வரை நாணய மதிப்பு, தானியச் சட்டம், வரி, அரசுக் கடன் ஆகியவை பற்றி அவர் அவையில் பலமுறை பேசினார். இவ்வுரைகளை மொழிபெயர்க்க முனைவோர் முதலில் எதிர்கொள்வது பொருளியற் சிக்கலன்று, இலக்கணச் சிக்கலே. அவற்றுட் பெரும்பாலானவை அவர் பேசிய வடிவில் நமக்குக் கிடைக்கவில்லை. படர்க்கையில், அயற்கூற்றாகவே கிடைத்துள்ளன.

இதற்குக் காரணம் அக்காலப் பதிவுமுறை. 1803இல் காபெட் தொடங்கி, 1812இல் அச்சகத்தாரான ஹான்சார்டின் கைக்கு வந்த விவாதத் தொகுதிகள் செய்தித்தாள்களிலிருந்து திரட்டப்பட்டவை. அவைக்கெனத் தனிக் குறிப்பாளர்கள் 1909 வரை இல்லை. விவாதங்களை வெளியிடுவதே முறைப்படி உரிமை மீறலாக இருக்க, செய்தியாளர்கள் மாடத்தின் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு எழுதினர். ரிக்கார்டோவின் குரலோ கீச்சென்றது. தம் குரல் தமக்கே அச்சமூட்டுகிறது என்று அவர் மக்கல்லக்குக்கு 1819இல் எழுதினார். மாடம்வரை அக்குரல் எத்தனை தெளிவாக எட்டியிருக்கும்?

அவை மரபு இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது. உறுப்பினர் பேசுவது அவைத்தலைவரை நோக்கியே. எதிர்ப்பாளரை அவர் முன்னிலையில் விளிப்பதில்லை, படர்க்கையிற் சுட்டுவார். ஆகவே அயற்கூற்று அறிக்கையில் பேசுபவரும் 'அவர்', மறுக்கப்படுபவரும் 'அவர்'. இம்மயக்கத்தை நீக்க அறிக்கையாளர் பெயரை அடைப்புக்குறிக்குள் இடையிடையே செருகினர். தமிழுக்கு இந்த ஒட்டுவேலை தேவையில்லை. பேசியவருக்குத் 'தாம்', பிறருக்கு 'அவர்' என்று பிரித்தாளும் வசதி நமக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் அவ்வசதியே பொறுப்பாகவும் மாறுகிறது. ஆங்கிலம் மயங்கும் ஒவ்வோரிடத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைச் சுட்டியே ஆகவேண்டும்.

காலங்காட்டுதலில் இழப்பு இன்னும் பெரிது. ஆங்கில அயற்கூற்றில் வினை ஒருபடி பின்னோக்கி நகரும். நேர்க்கூற்றில் 'வில்' என்பது உறுதியான எதிர்காலம். 'வுட்' என்பது நிபந்தனைக்கு உட்பட்டது. அயற்கூற்றில் இரண்டும் 'வுட்' ஆகிவிடுகின்றன. 'விலை சிறிதே குறையும்' என்பதும் 'அவ்வாறு செய்தால் விலை சிறிதே குறையும்' என்பதும் வேறுபாடின்றிப் போகக்கூடும்.

இது வெறும் இலக்கண நுட்பமன்று. 1819 மே 24 அன்று ரிக்கார்டோ தங்கம் வழங்கும் முறைக்குத் திரும்புவதை ஆதரித்துப் பேசினார். பின்னர் விலைகள் சரிந்தன. நிலவுடைமையாளர்கள் அச்சட்டத்தையும் அதனை ஆதரித்தோரையும் சாடினர். 1822 சூனில் வெஸ்டர்ன் கொண்டுவந்த தீர்மானத்தின்மீது பேசியபோது, இங்கிலாந்து வங்கி அவசரப்பட்டுத் தங்கம் வாங்கிக் குவித்ததே விலைச்சரிவை மிகுவித்தது என்றும், தாம் முன்மொழிந்த தங்கக் கட்டித் திட்டம் உரியவாறு பின்பற்றப்படவில்லை என்றும் அவர் வாதிட்டார். முன்பு அவர் கூறியது நிபந்தனையற்ற கணிப்பா, தம் திட்டத்தைச் சார்ந்த கணிப்பா என்பதே வழக்கின் உயிர்நாடி. அயற்கூற்று அழித்துவிடக்கூடிய வேறுபாடும் அதுவே.

ஸ்ராஃபா 1952இல் வெளியிட்ட பதிப்பின் ஐந்தாம் தொகுதி ஹான்சார்டு வாசகத்தைச் செய்தித்தாள் அறிக்கைகளோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. தமிழாக்கத்திற்கு அதுவே தக்க மூலம். படிக்க இனிமையாயிருக்கும் என்பதற்காக இவ்வுரைகளைத் தன்மை இடத்துக்கு மாற்றுவது தவறு. ரிக்கார்டோ ஒருகாலும் சொல்லியிராத சொற்களை அது அவர் வாயில் வைத்துவிடும். 'என்று' என்னும் இடைச்சொல்லை நிறுத்தி, உள்வினையின் காலத்தைத் தமிழ் வழக்கப்படி மீட்டு, மீட்க இயலாத இடங்களை அடிக்குறிப்பில் சுட்டுவதே நேர்மையான வழி.