திண்டுக்கல் புகையிலை: ஒரு சுதேசித் தொழிலின் வரலாறு

திண்டுக்கல் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்க்கும் தொலைவில் இருக்கிறது பேகம்பூர். 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்த பகுதி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தோல், பூட்டு, புகையிலை ஆகிய மூன்றும் இந்நகருக்குப் பெயர் தேடித் தந்தவை. இவற்றுள் புகையிலையின் வரலாற்றைப் பேச முற்படும்போதெல்லாம் நம் பேச்சு வெள்ளைக்காரரின் சுருட்டோடு நின்றுவிடுகிறது. உள்ளூர்க்காரர் நடத்திய தொழில் எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை.

சுருட்டின் கதைக்குச் சான்றுகள் நிறைய உண்டு. 'செரூட்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு' என்பதன் திரிபுதான். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே திருச்சிச் சுருட்டை அடையாளம் காண்கிறார். திருச்சியின் பெயர் உலகெங்கும் பரவினாலும், அச்சுருட்டுக்கான இலையில் பெரும்பங்கு திண்டுக்கல் சமவெளியிலிருந்தே சென்றது. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. இலையும் உழைப்பும் நம்முடையவை. பெயரும் இலாபமும் அவர்களுடையவை. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தோன்றியபின் சிகரெட் மெல்ல மெல்லச் சுருட்டின் இடத்தைப் பிடித்தது. துரைமார்களின் சந்தையை நம்பி நின்ற தொழில் அவர்களோடே தேய்ந்தது.

இதற்கு இணையாக இன்னொரு தொழில் வளர்ந்தது: மெல்லும் புகையிலை. வெற்றிலை பாக்கோடு வாயில் அடக்கிக்கொள்ளும் இலைக்கு வாடிக்கையாளர் இலண்டனில் இல்லை. வயல்வரப்பிலும் சந்தைமேட்டிலும் இருந்தார். இத்தொழிலுக்கு இயந்திரம் வேண்டியதில்லை, பெருமுதலும் வேண்டியதில்லை. வேண்டியது கைப்பக்குவம். வெயிலில் காயவைத்த இலையின் நடுநரம்பைக் கிழித்தெடுத்து, வெல்லநீர் தெளித்து, அடுக்கிப் புழுங்கவிட்டு, பதம் பார்த்துப் பிரித்து மீண்டும் அடுக்கவேண்டும். மற்றப் பயிர்கள் சுணங்கும் உவர்நீர்க் கிணற்றுப் பாசனமே மெல்லும் புகையிலைக்குக் காரத்தைத் தருகிறது என்பது இப்பகுதி உழவர் அனுபவம். மண்ணையும் நாக்கையும் ஒருசேர அறிந்தவருக்கே இவ்வணிகம் கைகூடும். ஐரோப்பிய நிறுவனங்களால் எட்டமுடியாத அறிவு இது. ஆகவே இங்கே உள்ளூர் வணிகர் தாமே உற்பத்தியாளராக நிமிர முடிந்தது.

அவ்வாறு நிமிர்ந்தவற்றுள் முதலில் நினைவுக்கு வருவது எம்.வி.முத்தையா பிள்ளையின் அங்கு விலாஸ். 'அங்கு விலாஸ் போயிலை' என்று தென்மாவட்டத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'விலாசம்' என்பது வணிகர் வழக்கில் நிறுவனத்தின் பெயரையும் குறிக்கும், முகவரியையும் குறிக்கும். பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலத்தின்மேல் ஒரு திண்டுக்கல் விலாசம் அச்சாகியிருந்தது சிறிய செய்தியன்று. ஹைதராபாத்தில் வசீர் சுல்தான் தொடங்கிய சார்மினார் சிகரெட் நிறுவனம் காலப்போக்கில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் பிடிக்குள் சென்றதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

எனினும் 'சுதேசி' என்னும் சொல் முதலாளி யார் என்பதற்கே விடை சொல்கிறது. உழைத்தவர் யார், என்ன பெற்றார் என்பதற்கு அதனிடம் விடையில்லை. அண்டை மாநிலத்தில் இக்கேள்வி நேராகவே எழுந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்து, கேரளம் அதை நடைமுறைப்படுத்த முனைந்தபோது, கண்ணூரில் பீடி முதலாளிகள் தொழிலை மூடிவிட்டுப் போனார்கள். சுமார் 12,000 பேர் வேலையிழந்தனர். 1969இல் அத்தொழிலாளரே உறுப்பினராகச் சேர்ந்து தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். பிற்காலத்தில் பீடி விற்பனை சரிந்தபோது உணவுப் பொருள், குடை என்று மாற்றுத்தொழில்களுக்கும் சென்றனர். உள்ளூர் உடைமை என்பதைத் தொழிலாளர் உடைமை என்று விரித்துக் காட்டிய முயற்சி அது.

இன்னொன்றையும் மறைப்பது நேர்மையாகாது. புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே அறிவித்தது. தமிழக அரசு குட்காவையும் மெல்லும் புகையிலைப் பொருள்களையும் 2013இல் தடை செய்து, ஆண்டுதோறும் அத்தடையை நீட்டித்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அத்தீர்ப்புக்கு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்நியனிடம் தோற்காத தொழில் தன் சொந்த வாடிக்கையாளரின் வாயைப் புண்ணாக்கிய தொழிலாகவும் இருந்தது. நாம் பெருமை கொள்வதென்றால் இதையும் சேர்த்துச் சுமந்தே கொள்ளவேண்டும்.

திண்டுக்கல்லில் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. புகையிலை ஈட்டிய பொருளால் வந்த பெயர் பெண்கல்வியின் வாயிலில் நிற்கிறது. இதை நன்மை என்றே கொள்வோம். ஆனால் கார நெடியில் தும்மிக்கொண்டே நரம்பு கிழித்த கைகளின் பெயர்கள் எந்த வாயிலிலும் இல்லை. அவர்களில் எஞ்சியிருப்போர் முதுமையில் இருக்கிறார்கள். மலைக்கோட்டையின் முற்றுகைகளைத் தேதிவாரியாக மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், அந்த மாணவரை ஒரு குறிப்பேட்டோடு இம்முதியவர்களின் வாசலுக்கு அனுப்பவேண்டிய காலம் இது. தாமதித்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும், சொல்வதற்கு இருக்கமாட்டார்கள்.