எல்லைக் கோடும் இயந்திரக் கண்ணும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் புகுகின்றது. வெளி மாநிலங்களில் வாழும் குமரி மாவட்டத்து அன்பர்கள் பலருக்கு இதுவே வீடு திரும்பும் வழி.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மண் பிரிந்தது, சாலை பிரியவில்லை. காய்கறி லாரியும் பஸ்ஸும் முன்போலவே ஓடின. வண்டிகள் பெருகப் பெருக, விபத்தும் பெருகிற்று.

சாலைக்குக் காவல் வைக்கும் எண்ணம் பழையது. 1868இல் லண்டன் பாராளுமன்றத்தின் அருகே எரிவாயு விளக்குக் கைகாட்டி நிறுவப்பட்டது. மறு ஆண்டே அது வெடித்துக் காவலரைக் காயப்படுத்தியது. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்விளக்கு வந்தது. இவை வழியைக் காட்டின. விதியை மீறியவரைக் காணவில்லை.

அக்குறையை நீக்க, கேரள அரசு 2023 ஏப்ரலில் மாநிலமெங்கும் 726 காமிராக்களை இயக்கிற்று. ஜூன் 5 முதல் அபராதம் தொடங்கிற்று. அவற்றுள் 675 செயற்கை நுண்ணறிவுக் காமிராக்கள். தலைக்கவசம் அணியாதவர், இருக்கைப் பட்டை பூணாதவர், வண்டி ஓட்டுகையில் கைபேசியில் பேசுவோர் ஆகியோரை அவை படமெடுத்து அனுப்பும். அலுவலர் அப்படத்தைச் சரிபார்த்த பின்னரே அறிவிப்பு செல்லும். வண்டியின் பதிவெண் எம்மாநிலத்ததாயினும் அக்கண்ணுக்கு ஒன்றே.

பயன் யாது? கேரளத்தில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 4,300க்கு மேற்பட்டோர். 2023இல் அத்தொகை 4,100க்குக் கீழே இறங்கிற்று. ஆனால் விபத்துகளின் எண்ணிக்கையோ அவ்வாண்டு கூடிற்று. இதிலிருந்து நாம் அறிவது என்ன? காமிரா மட்டுமே உயிரைக் காத்தது என்று துணிந்து கூறுவதற்கில்லை. எனினும் தலைக்கவசமும் பட்டையும் மோதலைத் தடுப்பவையல்ல. மோதியபின் உயிரைக் காப்பவை. மோதலையே குறைக்க வேண்டுமாயின், வேகம் அடங்க வேண்டும். சாலையும் சீர்பட வேண்டும். நெருக்கடி மிக்க பாலராமபுரம் சந்திப்பை எந்தக் காமிராவும் அகலமாக்காது.

ஆதலின் அன்பர்களே, அபராதத்துக்கு அஞ்சி எல்லை வரை கவசம் பூண்டு, எல்லை கடந்ததும் கழற்றி வைப்பது பேதைமை. மாநில எல்லையை மனிதர் வகுத்தனர். விபத்து அவ்வெல்லையை அறியாது. நம் வரவை நோக்கி வாயிலில் நிற்போரை நினைந்து, நாமே நமக்குக் காவலாவோம்.