சிலந்தி மனிதன் பிறந்த அட்டைகள்

வாஷிங்டன் நகரில் உள்ள அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் 24 கெட்டி அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1962-இல் வெளிவந்த 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழின் உட்பக்கங்களுக்காக ஸ்டீவ் டிட்கோ வரைந்த மூல ஓவியங்கள் அவை. அவற்றில் 11 அட்டைகள் ஒரே கதைக்கு உரியவை. பீட்டர் பார்க்கர் என்ற பள்ளிக்கூடப் பையனைச் சிலந்தி கடித்ததும், அவன் முதன்முதலாகச் சுவரில் ஒட்டிக்கொண்டதும் அந்த 11 அட்டைகளின் மேல்தான்.

இதழ் விற்ற விலை 12 சென்ட். மெருகு குலையாமல் பாதுகாக்கப்பட்ட அதன் ஒரு பிரதி 2021-இல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆயிரக்கணக்கில் அச்சான தாளுக்கே இந்த விலை. ஓவியரின் கை பட்ட அட்டையோ உலகத்துக்கே ஒன்றுதான். ஆனால் அந்த அட்டைகள் உருவான காலத்தில் அவற்றுக்கு விலை என்ற ஒன்றே கிடையாது. அச்சகத்துக்குப் போய் வேலை முடிந்துவிட்டால் அவை வெறும் கழிவு. அந்த இடத்திலிருந்து நூலகத்தின் பெட்டிக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால், வரைந்த கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டிட்கோ 1927-இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் என்ற உருக்காலை நகரத்தில் பிறந்தவர். ராணுவத்தில் பணி முடித்து நியூயார்க் வந்து, 'கார்ட்டூனிஸ்ட்ஸ் அண்ட் இல்லஸ்ட்ரேட்டர்ஸ் ஸ்கூல்' என்ற ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பேட்மேன் கதைகளுக்கு வரைந்த ஜெர்ரி ராபின்சன் அங்கே அவருக்கு ஆசிரியர். பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர், டார்ஜான் தொடருக்குப் படம் போட்டுப் பெயர் பெற்ற பர்ன் ஹோகார்த். மனித உடல் அசையும்போது எலும்பும் தசையும் என்ன செய்கின்றன என்பதைக் கற்பிக்கத் தனிப் புத்தகங்களே எழுதியவர் அவர்.

சூப்பர்ஹீரோவை வரையும் கலைக்கு அடிப்படை அந்த அசைவுதான். தலை உச்சியிலிருந்து ஊன்றிய கால்வரை உடலுக்குள் ஓடும் ஒரு வளைகோட்டை முதலில் போடுவார்கள். அந்தக் கோட்டில் வேகம் இல்லாவிட்டால், மேலே எத்தனை தசையை ஏற்றினாலும் உருவம் பொம்மையாகத்தான் நிற்கும். பிறகு தோள் ஒரு பக்கம் சாயும், இடுப்பு மறுபக்கம் திரும்பும். நம்மை நோக்கி நீளும் கை பருத்துத் தெரியும், பின்னால் போகும் கால் குறுகும். அடுத்த கணம் விழுந்துவிடுவானோ என்று தோன்றும்படி சமநிலையைக் குலைத்து வைப்பார்கள். 'அமேசிங் ஃபேன்டஸி'யை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் வழி இதுதான் என்று அதன் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜான் பஸீமாவும் 1978-இல் பாடப் புத்தகமே போட்டார்கள். சாதாரணமாக நிற்பவனைக்கூட இன்னும் கொஞ்சம் வளை, இன்னும் கொஞ்சம் நீட்டு என்று பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டுக் காட்டும் புத்தகம் அது.

இந்த வழிக்கு முன்மாதிரி மார்வெலின் இன்னொரு ஓவியரான ஜாக் கிர்பி. ஸ்பைடர்மேனை முதலில் வரையத் தொடங்கியவரும் அவர்தான். சில பக்கங்கள் வரைந்தார். நாயகன் தேவைக்கு மேல் கம்பீரமாக இருக்கிறான் என்று ஸ்டான் லீக்குத் தோன்றியது. பயந்த சுபாவமுள்ள, கண்ணாடி போட்ட பையன் அல்லவா வேண்டும்? வேலை டிட்கோவிடம் வந்தது.

டிட்கோ செய்த முதல் காரியம் நாயகனின் முகத்தை முழுக்க மூடியது. சூப்பர்மேனுக்கு முகமூடியே கிடையாது. பேட்மேனுக்கு வாயும் தாடையும் தெரியும். ஸ்பைடர்மேனுக்கு மட்டும் ஒரு துளி தோலும் வெளியே தெரியாது. பால்மணம் மாறாத பையனின் முகத்தை மறைக்கத்தான் அப்படிச் செய்ததாக டிட்கோ பின்னாளில் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு விளைவு உண்டு; இந்தக் கதையிலேயே எனக்குப் பெரிதாகப் படுவதும் அதுதான். சிரிப்பு, பயம், வலி எதையும் முகத்தில் காட்ட முடியாது. எல்லாவற்றையும் உடம்பே சொல்லியாக வேண்டும். ஆகவே டிட்கோவின் ஸ்பைடர்மேன் மார்பை நிமிர்த்தி நிற்பதில்லை. முழங்கால்கள் காதுவரை உயரக் குந்துகிறான். விரல்களை விரித்துச் சுவரைப் பற்றுகிறான். வலை வீசும்போது மணிக்கட்டை மடக்கி, நடுவிரல் இரண்டையும் உள்ளங்கையில் அழுத்தி, சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டுகிறான். கிர்பியின் நாயகர்கள் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நம் மேல் பாய்வார்கள். டிட்கோவின் பையன் மூட்டு மூட்டாக மடங்கி, பார்க்கவே சற்றுக் கூச்சம் தரும் கோணங்களில் தொங்குவான். கம்பீரம் குறைந்த அந்த நிலைகளில்தான் அவனுடைய வயதும் பதற்றமும் தெரிந்தன.

முதல் கதையில் அவன் சுவரில் ஒட்டும் கணத்தில் உடையும் இல்லை, முகமூடியும் இல்லை. தெருவில் நினைப்பு எங்கோ இருக்க நடக்கிறான், கார் ஒன்று மோத வருகிறது, துள்ளி விலகுகிறான், பார்த்தால் சுவரில் இருக்கிறான். அன்றாட உடுப்பும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு மாணவன் செங்குத்துச் சுவரில். பின்னால் எத்தனையோ ஓவியர்கள் வரைந்து குவித்த ஆயிரமாயிரம் பாய்ச்சல்களுக்கெல்லாம் மூத்தது அந்தத் துள்ளல்.

(லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. கூரான காதுகளோடு தமிழில் வந்த 'ஸ்பைடர்' வேறு ஆள். 1965-இல் இங்கிலாந்தின் 'லயன்' வார இதழில் குற்றவாளியாகத் தொடங்கியவர். இவருக்கும் பீட்டர் பார்க்கருக்கும் உறவில்லை.)

டிட்கோ வரைந்த அட்டைகள் அச்சில் வருவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெரியவை. படம் வரையும் பரப்பே பன்னிரண்டரை அங்குல அகலமும் பதினெட்டரை அங்குல உயரமும். பெரிதாக வரைந்து சிறிதாக்கினால் கோட்டின் நடுக்கமெல்லாம் அமுங்கி, நுணுக்கம் கூர்மையாகும். பென்சில் வேலை முடிந்ததும் எழுத்துக்காரர் கையில் அட்டை போகும். இந்தக் கதையின் எழுத்துக்காரர் ஆர்ட்டி சிமெக். பலூன்களுக்குள் வசனத்தைப் பேனாவால் எழுதி முடித்தபின் அட்டை ஓவியரிடம் திரும்பும், அவர் தூரிகையும் மெல்லிய பேனாவும் கொண்டு மை போடுவார். ஸ்பைடர்மேனுக்கு மை போடுவது லேசான வேலை இல்லை. உடை முழுக்க வலைக் கோடுகள். உடல் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடுகள் தசையின் வளைவோடு சேர்ந்து வளைய வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் அதை டிட்கோ கையால் போட்டார். பிழையான இடத்தில் வெள்ளைப் பூச்சு வைத்து மேலே திருத்தி வரைவது வழக்கம். அச்சுக் கேமராவுக்கு அந்த வெள்ளை தெரியாது, மூல அட்டையில் மட்டும் அது திட்டாக மேடிட்டு நிற்கும்.

இதழின் அட்டைப்படத்துக்கும் டிட்கோ ஒன்று வரைந்தார். அது ஏற்கப்படவில்லை. கிர்பியைக் கொண்டு வேறொன்று வரையச் செய்தார்கள், அதற்கு டிட்கோவே மை போட்டார். ஒரு கையில் வலைக் கயிறு, மறு கையிடுக்கில் ஒரு ஆள் என்று வானத்தில் ஊஞ்சலாடும் அந்தப் படம்தான் இன்று உலகம் அறிந்தது. ஒரே நாயகனின் மேல் இரண்டு மேதைகளின் கை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இடம் அது.

மை காய்ந்த அட்டைகள் மார்வெலின் மேடிசன் அவென்யூ அலுவலகத்துக்குப் போயின. அங்கிருந்து காமிக்ஸ் தணிக்கைக் குழுவின் பார்வைக்கு. பிறகு பிளாக் எடுக்கும் இடத்துக்கு. நிறம் இந்த அட்டைகளில் ஏறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறிதாக்கிய நகல் ஒன்றின் மேல் வண்ணம் தீட்டி, எந்த இடத்தில் எந்த நிறம் எத்தனை சதவீதம் என்று குறித்துக் கொடுப்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் கால், அரை, முழுமை என்ற அளவுகளில் கலந்தால் கிடைப்பது வெள்ளையோடு சேர்த்து 64 நிறங்கள். நிறம் பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். எந்த இதழிலும் அவர்கள் பெயர் வந்ததில்லை. மலிவான செய்தித்தாள் காகிதத்தில் புள்ளி புள்ளியாக அச்சாகி, டிட்கோவின் கோடுகள் நாடு முழுவதும் கடைகளுக்குப் போயின.

அந்த இதழோடு 'அமேசிங் ஃபேன்டஸி' நின்றுவிட்டது. விற்பனைக் கணக்கு வந்தபோதுதான் பையனின் பலம் பதிப்பாளருக்குத் தெரிந்தது. 1963 மார்ச் தேதியிட்டு 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' தனி இதழாக வந்தது. டிட்கோ 38 இதழ்கள் வரைந்துவிட்டு 1966-இல் விலகினார்.

அட்டைகள்? அக்கால வழக்கப்படி மூல ஓவியம் நிறுவனத்தின் வசம். ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதோடு கணக்குத் தீர்ந்தது. திருப்பித் தரும் பழக்கமில்லை. கிடங்கில் அடுக்கினார்கள். சில பரிசாகப் போயின, சில களவு போயின, அழிந்தவையும் உண்டு. எழுபதுகளில்தான் மார்வெல் புதிய பக்கங்களை ஓவியர்களுக்குத் திருப்பத் தொடங்கியது. பழையவற்றைத் தருவதற்கு எண்பதுகள் ஆயின, அதுவும் கையெழுத்துப் படிவத்தோடு. மற்றவர்களுக்கு ஒரு பக்கப் படிவம். கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கம், பல உரிமைகளை விட்டுக்கொடுக்கச் சொல்லும் நான்கு பக்கம். அதற்கு ஈடாகத் தருவதாகச் சொன்னது 88 பக்கங்கள்! அவர் மார்வெலுக்கு வரைந்ததோ ஆயிரக்கணக்கில். சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் கூட்டாகக் கையெழுத்திட்டுக் குரல் கொடுத்தார்கள். 1987-இல் சுமார் 2,000 பக்கங்கள் கிர்பிக்குத் திரும்பின. ஒரு தொழிலையே தோளில் சுமந்த மனிதர், தன் கையால் வரைந்ததைக் கேட்டு வாங்க எழுபது வயது வரை போராட வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

டிட்கோவின் வழி வேறு. 1968-க்குப் பிறகு அவர் பேட்டியும் கொடுக்கவில்லை, விழா மேடையிலும் ஏறவில்லை. மன்ஹாட்டனில் தன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தார். அவரைப் பார்க்கப் போன காமிக்ஸ் வரலாற்றாளர் கிரெக் தீக்ஸ்டன் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். தன்னிடம் திரும்பி வந்த பழைய மூலப் பக்கத்தை அடியில் வைத்து, அதன் மேல் டிட்கோ கத்தியால் அட்டை வெட்டிக்கொண்டிருந்தாராம். விற்றால் பெரும் பணம். அவர் விற்கவில்லை. வரைந்தது அச்சில் வந்து வாசகனைச் சேர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு மிஞ்சிய அட்டை வெறும் அட்டை என்று அவர் எண்ணியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். படைத்தவருக்கு அப்படி நினைக்கும் உரிமை உண்டு. நமக்கு அந்த உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

'அமேசிங் ஃபேன்டஸி' அட்டைகள் அந்தக் கத்திக்கு இரையாகவில்லை. 2008-இல் ஒருவர் 24 பக்கங்களையும் காங்கிரஸ் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவருடைய விருப்பம், நூலகம் அதை மதித்து வருகிறது. பக்கம் பக்கமாகப் பிரித்து ஏலத்தில் விட்டிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகையை ஊகிக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை தோன்றும், 1984-ஆம் ஆண்டின் 'சீக்ரெட் வார்ஸ்' பக்கம் ஒன்று, மைக் செக் வரைந்தது, 2022 ஜனவரியில் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. ஒரே ஒரு பக்கம். நூலகத்துக்கு வந்ததோ பிறப்பின் முழுக் கதை, ஒரு பக்கமும் குறையாமல். பிரித்து விற்றிருந்தால் சுவரில் துள்ளும் பக்கம் ஒரு கண்டத்திலும், பீட்டர் ஒரு குற்றவாளியின் முகத்தை அடையாளம் காணும் பக்கம் இன்னொரு கண்டத்திலும் இரும்புப் பெட்டிக்குள் போயிருக்கும். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு உடல் எப்படி மாறுகிறது என்பதைக் கற்க, பக்கங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். கதைப்படத்தில் எந்தப் பாய்ச்சலும் தனியாக நிற்பதில்லை, முந்தைய கட்டத்தில் வாங்கிய வேகத்தில்தான் அது பறக்கிறது. அதனால்தான் பெயர் சொல்லாத அந்த மனிதரின் கொடையை, பணத்தைத் தாண்டி, ஓவியம் கற்பவர்களுக்குச் செய்த பேருதவியாகக் கருதுகிறேன்.

டிட்கோ 2018 ஜூனில், 90 வயதில், நியூயார்க்கில் தன் குடியிருப்பில் இறந்து கிடந்தது தெரியவந்தது. கடைசி ஆண்டுகள்வரை சிறு சிறு இதழ்களாகத் தன் சித்திரக்கதைகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தார்.

அட்டைகள் இப்போது நூலகத்தின் அச்சோவிய, புகைப்படப் பிரிவில் இருக்கின்றன. காங்கிரஸ் நூலகத்தின் வாசகர் அட்டைக்குக் கட்டணமில்லை. 16 வயது நிரம்பிய எந்த நாட்டவரும் அடையாளச் சான்று காட்டிப் பெறலாம். இத்தகைய அரிய மூலங்களைப் பார்க்க முன்கூட்டியே எழுதி நேரம் வாங்க வேண்டும். வாஷிங்டன் போகும் வாய்ப்புள்ள ஓவிய மாணவர் எவராவது இதைப் படித்தால், அப்படி எழுதிக் கேட்கட்டும். அச்சுப் பிரதியில் தெரியாத வெள்ளைப் பூச்சையும், கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பதையும் பார்த்துவிட்டு வரட்டும்.