வீட்டின் மூச்சை அளந்த கதை

உங்கள் வீட்டுச் சன்னல்களை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு வரி கேட்டால் என்ன செய்வீர்கள்? இங்கிலாந்தில் 1696இல் அப்படி ஒரு வரி வந்தது. வரிக்கு அஞ்சிப் பலர் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டனர். இருண்டு புழுங்கிய வீடுகள் நோய்க்கு இடமாகின்றன என்று மருத்துவர்கள் முறையிட்டனர். 1851இல்தான் வரி நீங்கியது. காற்று வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எவ்வளவு வேண்டும், அது வருகிறதா என்பதை எப்படி அறிவது?

இதற்கு விடை தேடியவர் மூனிச் நகர அறிஞர் மாக்ஸ் பெட்டன்கோஃபர். அறையில் கரியமில வாயுவைப் பெருக்கிவிட்டு, நேரம் செல்லச் செல்ல அது எவ்வளவு குறைகிறது என்று அவர் அளந்தார். வேகமாகக் குறைந்தால் காற்று வேகமாக மாறுகிறது என்று பொருள். 1858இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆயிரம் பங்கு காற்றில் கரியமில வாயு ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் வகுத்த எல்லை. அந்த வாயு அந்த அளவில் நஞ்சு என்பதால் அன்று. மனிதர் வெளிவிடும் பிற அசுத்தங்களுக்கு அது ஓர் அடையாளம் என்பதால்.

அவரும் ஓரிடத்தில் தவறினார். இடுக்குகளை அடைத்த பின்பும் அறையில் காற்று மாறியதைக் கண்டு, செங்கற்சுவர் மூச்சு விடுகிறது என்று கருதினார். கண்ணுக்குத் தப்பிய இடுக்குகளின் வழியாகவே பெரும்பகுதிக் காற்று புகுகிறது என்பது பிற்கால அளவீடுகளில் தெளிந்தது.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் குளிர்நாடுகளில் அந்த இடுக்குகள் பகையாயின. வெப்பம் அவற்றின் வழியே வீணாயிற்றே! 1970களில் சுவீடனில் ஒரு சோதனை உருவாயிற்று. விசிறி ஒன்றைச் சன்னலில் பொருத்தி, வீட்டுக்கு உள்ளும் வெளியும் அழுத்த வேறுபாடு உண்டாக்கிக் கசிவை அளந்தனர். பின்னர் விசிறி வாசற்கதவுக்கு மாறியது. இச்சோதனையில் வழக்கமான வேறுபாடு 50 பாஸ்கல். அதாவது சுமார் 5 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தமே. 2006 முதல் இங்கிலாந்தின் கட்டட விதிகள் புது வீடுகளுக்கு இச்சோதனையைக் கொண்டுவந்தன.

இடுக்கை அடைத்தால் ஈரமும் புகையும் எங்கே போகும்? விசிறிதான் வெளியேற்ற வேண்டும். எனவே 2010 விதிகள், புது வீட்டில் பொருத்திய விசிறிகளின் காற்றோட்டத்தை அளந்து, அந்த அளவை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்றன. தேவைப்படும்போது மட்டும் ஓடும் விசிறியானால் குளியலறையில் நொடிக்கு 15 லிட்டர். சமையலறையில் அடுப்பின் அருகே 30, வேறிடத்தில் 60.

அளப்பது எப்படி? விசிறியின் வாயில் கூம்பு ஒன்றைப் பொருத்தி, காற்று முழுவதையும் காற்றுவேகமானி வழியே செலுத்துவார்கள். பரப்பை வேகத்தால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 15 லிட்டர் செல்ல, காற்று நொடிக்குச் சுமார் 1.9 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். குழாய் மடங்கியோ நசுங்கியோ இருந்தால் இது வெகுவாகக் குறையும். விசிறியின் இரைச்சல் மட்டும் குறையாது! விசிறியில் காகிதத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் காகிதம் காற்று ஓடுகிறது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது.

இது வெறும் எண் விளையாட்டு அன்று. 2020இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு கூறியது. போதிய காற்றோட்டம் இல்லாததும் அதில் சுட்டிக்காட்டப்பட்டது. அது பழைய வீடு. புது வீடுகளுக்கான சோதனை விதி அதன் வாசலை எட்டவில்லை. சமூக வாடகை வீடுகளின் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த நேரத்தில் சரிசெய்ய வைக்கும் சட்டத்துக்கு 2023இல் வழி பிறந்தது.

காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் அதனை நம்பிவிடாமல் அளக்க வேண்டியிருக்கிறது.