கைமாறும் கோரிக்கை: ஃபார்வர்ட், ரீடைரக்ட், ஒரு ஜீரோ பாயிண்ட்

ஆந்திரத்தின் கண்டலேறு அணையில் திறக்கும் கிருஷ்ணா நீர் 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடிவந்து, ஊத்துக்கோட்டையை ஒட்டிய தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டில் தமிழகத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் பூண்டி ஏரி. 1983இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டிஎம்சி. முதல் தண்ணீர் வந்துசேர்ந்தது 1996இல். எல்லையில் தண்ணீர் மாறுவதில்லை, அதற்குப் பொறுப்பானவர்கள்தான் மாறுகிறார்கள். சென்னையில் குழாயைத் திறப்பவருக்கு இந்தக் கைமாற்றம் தெரியவே தெரியாது.

ஜாவா சர்வ்லெட்டில் ‘ஃபார்வர்ட்’ செய்வதும் இதைத்தான். 1998இல் வந்த சர்வ்லெட் 2.1 பதிப்பு ‘ரிக்வெஸ்ட் டிஸ்பாட்சர்’ என்ற வசதியைத் தந்தது. பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கையை ஒரு சர்வ்லெட் வாங்கி, கணக்குப் பார்த்து, முடிவை அதிலேயே இணைத்து, பக்கத்தை வரையும் ஜேஎஸ்பியிடம் தள்ளிவிடுகிறது. கோரிக்கை ஒன்றுதான், பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தும் மாறாது. ‘ரீடைரக்ட்’ அப்படியல்ல. “இங்கே இல்லை, அந்தக் கவுன்டருக்குப் போங்க” என்று சர்வர் 302 என்ற எண்ணுடன் புது முகவரியைச் சொல்லி அனுப்புகிறது. பிரவுசர் மறுபடி வரிசையில் நின்று வேறொரு கோரிக்கை வைக்கிறது. முதல் கோரிக்கையில் இணைத்ததெல்லாம் அதோடு போயிற்று.

ஒரு போக்குவரத்து மிச்சமாகிறது என்பதற்காகவே ஃபார்வர்டைத் தேர்ந்தெடுக்கும் நிரலாளர்கள் உண்டு. சிக்னல் மெலிந்த ஊரில் அந்த மிச்சம் பெரிதுதான். ஆனால் வேகத்தை அளவுகோலாக வைப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சர்வரில் காரியம் நடந்துவிட்டதா, இல்லையா?

இ-சேவை மையத்தில் ஒருவர் வில்லங்கம் போட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று. உட்பிரிவு எண்ணில் மட்டும் ஒரு பிழை. இங்கே காரியம் எதுவும் நடக்கவில்லை. ஆகவே அதே படிவத்துக்கு ஃபார்வர்ட் செய்வதே சரி: தட்டச்சு செய்த விவரங்கள் கோரிக்கையோடு திரும்பி வரும், தவறிய கட்டம் மட்டும் சிவப்பாகும். ரீடைரக்ட் செய்தால் படிவம் வெறுமையாகத் திறக்கும். ஆபரேட்டர் முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து, கட்டணம் செலுத்தும் கட்டம். பணம் பற்று வைக்கப்பட்ட பிறகு ரசீதுப் பக்கத்துக்கு ஃபார்வர்ட் செய்தால், முகவரிப் பட்டையில் பணம் செலுத்தும் முகவரியே நிற்கும். பக்கம் பாதியில் தொங்கியதென்று ஆபரேட்டர் ரெஃப்ரெஷ் அழுத்தி, பிரவுசரின் எச்சரிக்கையையும் தாண்டினால், அதே கோரிக்கை மீண்டும் போகும். கால்வாய் உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது: தண்ணீரை இரண்டு முறை குடிக்கலாம், கட்டணத்தை இரண்டு முறை கட்டக் கூடாது. இதற்காகவே எச்டிடிபி 1.1இல் 303 என்ற பதில் எண் இருக்கிறது. 2004இல் மைக்கேல் ஜூராவ்லெவ் விளக்கி எழுதிய ‘போஸ்ட்–ரீடைரக்ட்–கெட்’ முறையும் அதைத்தான் சொல்கிறது: காரியம் முடிந்ததும் பயனரை வேறு முகவரிக்கு அனுப்பிவிடு. “பணம் செலுத்தப்பட்டது” என்ற செய்தி வழியில் தொலையுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதை செஷனில் வைத்து ஒருமுறை காட்டி அழிக்கும் வசதியை ஸ்பிரிங் 3.1 பதிப்பு 2011இலேயே கொண்டுவந்தது. போஸ்ட்–ரீடைரக்ட்–கெட் முறை ரெஃப்ரெஷ்ஷுக்குத்தான் காப்பு. பொத்தானை இருமுறை அழுத்துவதைத் தடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

ஃபார்வர்டில் இன்னொரு கண்ணியும் உண்டு, அது காவல் சம்பந்தப்பட்டது.

பெரிய தளங்கள் பலவற்றில் எல்லாக் கோரிக்கையும் ஒரே வாசலில் வந்து, உள்ளே பிரிந்துபோகும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் முகப்பு முகவரியில் ‘ரிக்வெஸ்ட் டைப்’, ‘ஸ்கிரீன் ஐடி’ போன்ற பெயர்களைப் பார்ப்பவருக்கு இந்த அமைப்பின் சாயல் தெரியும். வாசலில் லாகின் சரிபார்க்க ஒரு ஃபில்டரை நிறுத்தினால் போதும் என்று தோன்றும். ஆனால் ஃபில்டர், தனியே சொல்லாதவரை, வெளியிலிருந்து நேரே வரும் கோரிக்கையை மட்டுமே பார்க்கும். உள்ளே ஃபார்வர்ட் ஆகிப் போவதைப் பார்க்காது. அதையும் பார்க்கச் சொல்லும் அமைப்பு 2003இல் சர்வ்லெட் 2.4 பதிப்போடுதான் வந்தது. பொதுப் பக்கம் ஒன்றுக்கு வந்த கோரிக்கை, வெளியார் நேரே தொட முடியாத ‘வெப்-இன்ஃப்’ அடைவிலுள்ள பக்கம் வரை ஃபார்வர்ட் மூலம் போய்விடலாம். எந்தப் பக்கத்துக்குப் போவது என்பதைப் பயனர் அனுப்பும் மதிப்பே தீர்மானிக்குமானால் கதவு திறந்தே கிடக்கிறது என்று பொருள்.

கிருஷ்ணா நீர் விஷயத்தில் கண்டலேறில் திறந்துவிட்ட கன அடி ஒரு கணக்கு. ஜீரோ பாயிண்டில் வந்துசேர்ந்த கன அடி வேறொரு கணக்கு. இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால்தான் எல்லையில் மறுபடி அளக்கிறார்கள். பழைய நிரல் ஒன்றைத் தணிக்கை செய்பவரும் ஃபார்வர்ட் வரிகளை எல்லாம் ஒரு பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு குறிப்பு எழுதலாம்: இந்த வரிக்கு முன்பே டேட்டாபேஸில் ஏதாவது மாறிவிட்டதா? போய்ச் சேரும் பக்கத்தில் லாகினை மறுபடி யார் பார்க்கிறார்கள்?