யோய்டோ முழுச் சுவிசேஷ சபை: வளர்ச்சியும் இரண்டு கைமாற்றங்களும்

தென்கொரியத் தலைநகர் சியோலில், ஹான் ஆற்றின் நடுவிலுள்ள யோய்டோ தீவில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே யோய்டோ முழுச் சுவிசேஷ சபையின் ஆலயம் நிற்கிறது. உறுப்பினர் எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய தனிச் சபை என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் சபை இது. இதைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இதன் வரலாற்றை யாங்கி சோ என்ற ஒரு போதகரின் வாழ்க்கை வரலாறாகவே எழுதியிருக்கிறார்கள். அவரே எழுதிய நூல்கள் பல மொழிகளில் பரவியதும் அதற்கு ஒரு காரணம். இந்தச் சபையின் அதிகாரம் இரண்டு முறை கைமாறியது. 1964இல் அது போதகரிடமிருந்து கீழ்நோக்கி, வீட்டு ஜெபக் குழுக்களை நடத்திய பெண்களின் கைக்குப் போனது. 2008இல் ஒரு தலைமைப் போதகரிடமிருந்து அடுத்தவருக்குப் போனது. உலகம் கவனித்தது இரண்டாவதை. சபையை உருவாக்கியது முதலாவது என்பதும், இரண்டாவது கைமாற்றம் பல ஆண்டுகள் அரைகுறையாகவே நின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கொரியாவில் பெந்தெகொஸ்தே ஊழியம் 1928இல் வந்த மேரி ரம்சி என்ற அமெரிக்க மிஷனரிப் பெண்ணோடு தொடங்குகிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1907இல், பியோங்யாங்கில் பிரஸ்பிட்டேரியன் சபைகளிடையே பெரும் எழுப்புதல் நிகழ்ந்திருந்தது. விடியற்கால ஜெபமும், எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிக்கும் வழக்கமும் கொரியக் கிறிஸ்தவத்தின் அடையாளங்களாக நிலைத்தது அந்த எழுப்புதலை ஒட்டித்தான். எனவே பெந்தெகொஸ்தே சபைகள் முற்றிலும் அந்நியமான மண்ணில் விதைக்கப்படவில்லை. 1953இல் கொரியப் போரில் போர்நிறுத்தம் வந்தபோது தலைநகர் இடிபாடாகக் கிடந்தது. வடக்கிலிருந்து வந்த அகதிகளும் நாட்டுப்புறத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்களும் குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அதே ஆண்டில்தான் கொரிய அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே அமைப்பும் உருவானது.

அந்த அமைப்பின் வேதாகமக் கல்லூரியில் 1956இல் இருவர் சந்தித்தார்கள். ஒருவர் சோ: 1936இல் உல்சான் பகுதியில் பௌத்தக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் காசநோயால் சாகக் கிடந்து, கிறிஸ்தவரானவர். மற்றவர் சொய் ஜா-ஷில்: அவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். நோயில் விழுந்த அந்த இளைஞரைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. 1958 மே 18 அன்று நகரின் விளிம்பில், தேஜோ-தோங் பகுதியில் சொய்யின் வீட்டில் முதல் ஆராதனை நடந்தது. வந்தவர்கள் ஐந்தே பேர். விரைவிலேயே ஒரு பழைய ராணுவக் கூடாரம் ஆலயமாயிற்று. வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்காக ஜெபித்ததிலும், உபவாச ஜெபத்தை ஊழியத்தின் நடுவில் வைத்ததிலும் சொய்யின் பங்கு பெரியது. 1965இல் அவருடைய மகள் கிம் சுங்-ஹே சோவை மணந்தார். நிறுவியவர்கள் இருவர் என்ற உண்மை அதன்பின் மெல்ல மங்கி, சொய் ‘போதகரின் மாமியார்’ ஆகிவிட்டார். இச்சபையின் வரலாற்று எழுத்தில் நேர்ந்த முதல் அநீதி இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1961இல் சபை நகரின் மையத்துக்கு அருகே சொதேமுன்னுக்கு இடம்பெயர்ந்தது. மிஷனரி ஜான் ஹர்ஸ்டன் உடன் உழைத்தார். 1964 வாக்கில் உறுப்பினர் எண்ணிக்கை மூவாயிரத்தை நெருங்கியது. பிரசங்கம், ஞானஸ்நானம், நோயாளிகளைப் பார்ப்பது, அடக்க ஆராதனை என எல்லாவற்றையும் சோ ஒருவரே சுமந்தார். ஒரே நாளில் ஏறத்தாழ 300 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபின் அவர் மயங்கி விழுந்தார். அதன்பின் நெடுநாள் அவரால் சரிவர நிற்கவும் முடியவில்லை.

படுக்கையில் கிடந்த சோ தீர்வை வேதாகமத்தில் தேடினார். யாத்திராகமத்தில் எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனை, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்து பேருக்கும் தலைவர்களை வை என்பது. அப்போஸ்தலர் நடபடிகளில் ஆதிச் சபை வீடுகள்தோறும் கூடியது. இவற்றைக் கொண்டு சபையை வீட்டுக் குழுக்களாகப் பிரிக்க முடிவு செய்து, முதலில் ஆண்களான உதவிக்காரர்களிடம் கேட்டார். தங்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை, வேலை முடிந்து வீடு திரும்பவே இரவாகிறது என்று அவர்கள் பின்வாங்கினார்கள். பிறகு பெண்களிடம் கேட்டார், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கன்பூசிய ஒழுங்கு ஆழ ஊன்றிய சமூகத்தில், ஆண்கள் அமர்ந்திருக்கும் கூட்டத்துக்குப் பெண் வேதபாடம் சொல்வது சிறிய மீறல் அன்று. எதிர்ப்பு வந்தது. அந்தப் பெண்கள் போதகரின் அதிகாரத்தின்கீழ், அவர் தரும் பாடத்தையே போதிக்கிறார்கள் என்ற விளக்கத்தால் அது சமாளிக்கப்பட்டது. அந்த விளக்கம் அவர்களுக்கு வாசலைத் திறந்தது. அவர்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லையையும் அதுவே வகுத்தது.

குழு இயங்கிய விதத்தைப் பார்த்தால்தான் வளர்ச்சியின் காரணம் புரியும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில, வாரம் ஒரு நாள் ஒரு வீட்டில் கூடும். பாட்டு, ஜெபம், அச்சிட்ட பாடம், சாட்சி, காணிக்கை. யார் வரவில்லை, யார் வீட்டில் நோய், யாருக்கு வேலை போயிற்று என்ற தகவல் குழுத் தலைவியிடமிருந்து பகுதிக்கும், பகுதியிலிருந்து வட்டாரத்துக்கும், அங்கிருந்து சம்பளம் பெறும் துணைப் போதகர்களுக்கும் போகும். குழு பெருத்தால் இரண்டாகப் பிரியும். புதிய தலைவியை முன்கூட்டியே பழக்கி வைத்திருப்பார்கள். 1960இல் சுமார் 25 லட்சம் பேர் வாழ்ந்த சியோலில் 1990இல் ஒரு கோடிக்கு மேல் மக்கள். கிராமத்தை விட்டு வந்து அடுக்குமாடியில் அண்டை வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் வாழ்ந்த குடும்பத்துக்கு, காய்ச்சல் என்று கேட்டதும் கஞ்சியோடு வந்து நிற்கும் ஒரு பெண் யார்? உறவினருக்கு நிகரானவள். கதவைத் தட்டத் தயங்காத அந்தப் பெண்கள் அழைத்துத்தான் பெரும்பாலோர் ஆலயத்துக்கு வந்தார்கள். ஞாயிறு மேடையில் கேட்ட குரல் சோவுடையது. மற்ற ஆறு நாள்களில் சபை என்பது இவர்களே.

1969இல், அப்போதுதான் மணல்திட்டாக இருந்து அணைகட்டி மேடாக்கப்பட்டுவந்த யோய்டோவில் புதிய ஆலயத்துக்கு வேலை தொடங்கியது. துணிச்சலான முடிவு, கடன் கழுத்தை நெரித்தது. பொருள்விலை ஏறி, வேலை நின்று நின்று நடந்தது. சோ தம் வீட்டை விற்று, முடியாத கட்டடத்திலேயே குடியேறினார். 1973இல் ஆலயம் பிரதிஷ்டையானது. அதே ஆண்டில் அருகிலுள்ள யோய்டோ திடலில் நடந்த பில்லி கிரஹாம் கூட்டங்களின் இறுதி நாளில் பத்து லட்சம் பேர் கூடினார்கள். அந்த ஆண்டே ஒசன்ரியில் உபவாச ஜெப மலையும் தொடங்கியது. அது பின்னாளில் சொய்யின் பெயரைத் தாங்கியது. சபை தரும் கணக்கின்படி 1973இல் 18,000ஆக இருந்த உறுப்பினர்கள் 1979இல் ஒரு லட்சம், 1981இல் இரண்டு லட்சம், 1984இல் நான்கு லட்சம், 1992இல் ஏழு லட்சம். இவை பதிவேட்டு எண்கள். ஞாயிறு வருகை இதைவிடக் குறைவு. ஆனாலும் எண்பதுகளில் குழுக்கள் ஐம்பதாயிரத்தை எட்டியதாகச் சொல்லப்படும்போது, அவற்றில் பெரும்பான்மையைப் பெண்கள் நடத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போதனையும் அக்காலத்துக்குப் பொருந்தியது. யோவானின் மூன்றாம் நிருபத்தின் இரண்டாம் வசனத்தை ஆதாரமாக்கி, ஆத்துமா, வாழ்க்கை, உடல் மூன்றுக்கும் ஆசீர்வாதம் என்று சோ போதித்தார். பசியை அறிந்தவர்களுக்கு அது வெறும் செழிப்பு உபதேசமாகக் கேட்டிருக்காது. தேவன் தங்கள் அடுப்பையும் பார்க்கிறார் என்று கேட்டிருக்கும். நாடு செழித்த பின்பும் அதே வாக்கியங்கள் அப்படியே ஒலித்தபோது பொருள் மாறியது என்ற விமர்சனம் நியாயமானது. முதாங் எனப்படும் கொரிய ஆவிப் பூசாரிகளின் மரபு இதில் கலந்திருக்கிறது என்ற விவாதத்தை ஹார்வி காக்ஸ் போன்ற ஆய்வாளர்கள் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிரஸ்பிட்டேரியன் சபைகளின் ஒரு பெரும் பிரிவு 1983இல் சோவின் போதனையைக் கண்டித்து, 1994இல் அந்தக் கண்டனத்தை நீக்கிக்கொண்டது.

சபை பெருகப் பெருக அதைச் சுற்றி நிறுவனங்கள் எழுந்தன. 1976இல் உலகச் சபை வளர்ச்சி அமைப்பு, 1988இல் ‘குக்மின் இல்போ’ நாளிதழ், பழைய வேதாகமக் கல்லூரியிலிருந்து வளர்ந்த ஹன்செய் பல்கலைக்கழகம். 1992 முதல் 2000 வரை உலக அசெம்பிளிஸ் ஆஃப் காட் ஐக்கியத்தின் தலைவராகவும் சோ இருந்தார். இந்த நிறுவனங்களின் பொறுப்பில் யார் அமர்ந்தார்கள் என்பதுதான் முக்கியம். நாளிதழின் தலைமையில் மகன்கள், பல்கலைக்கழகத்தின் தலைமையில் மனைவி. குழுக்களில் பரவலான அதிகாரம், சொத்துகளில் ஒரு குடும்பத்துக்குள் குவிந்தது. காணிக்கையைத் திரட்டிய பெண்களுக்கு அந்தக் காணிக்கை எங்கே போகிறது என்று கேட்கும் இடம் எங்கும் இல்லை. மூப்பர் அவை ஆண்களின் கூடமாகவே நடந்தது.

சோவுக்கு 70 வயதானபோது ஓய்வு பற்றிய பேச்சு எழுந்தது. சபை மூப்பர்கள் அவரைத் தொடரச் சொன்னார்கள். சபைச் சீர்திருத்தம் கோரிய கிறிஸ்தவர்கள் விலகச் சொன்னார்கள். 2006இல் மூப்பர்கள் வாக்களித்து லீ யங்-ஹூனைத் தேர்ந்தெடுத்தார்கள். சோவின் மகன்களில் யாரும் பீடத்துக்கு வரவில்லை. கொரியாவின் பல பெரிய சபைகள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போன காலத்தில் இது மதிப்புக்குரிய முடிவு, ஐயமில்லை. லீ 1954இல் பிறந்தவர். பிரஸ்பிட்டேரியன் குடும்பத்திலிருந்து சிறுவயதிலேயே இச்சபைக்கு வந்தவர். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கொரியப் பரிசுத்த ஆவி இயக்கம் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். தேர்வானபோது லாஸ் ஏஞ்சலிஸ் கொரியச் சபையின் போதகர். சில காலம் சோவுடன் இணைந்து ஊழியம் செய்து, 2008 மே மாதம் பொறுப்பேற்றார்.

பீடம் கைமாறியதே தவிர, நாளிதழும் பல்கலைக்கழகமும் பழைய கைகளிலேயே இருந்தன. லீயின் காலத்தின் பெரும் செயல் 2010இல் நடந்தது: சியோலிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த 20 கிளை ஆலயங்கள் தனிச் சபைகளாயின. ஏழரை லட்சத்துக்கு மேலிருந்த பதிவேடு நான்கு லட்சத்துச் சொச்சமாகக் குறைந்தது. உலகின் மிகப் பெரிய சபை என்ற புகழை நம்பி வாழும் ஓர் அமைப்பு தன் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொண்டது. வருவாயையும் சேர்த்துத்தான்.

2011இல் நிறுவனங்களின் பிடி குறித்து மூப்பர்களுக்கும் சோ குடும்பத்துக்கும் மோதல் வெடித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சோ சபையார் முன் தரையில் விழுந்து வணங்கி மன்னிப்புக் கேட்டார். அதோடு முடியவில்லை, அதே ஆண்டு மூப்பர்கள் 29 பேர் குற்றப் புகார் கொடுத்தார்கள். மூத்த மகன் வைத்திருந்த பங்குகளை 2002இல் சபை மதிப்பைவிட மிக அதிக விலைக்கு வாங்கியது, அதனால் சபைக்கு ஏறத்தாழ 1,310 கோடி வொன் இழப்பு என்பது வழக்கு. 2014 பிப்ரவரியில் நீதிமன்றம் சோவுக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து விதித்தது. 500 கோடி வொன் அபராதமும் உண்டு. மேல்முறையீட்டில் தண்டனை இரண்டரை ஆண்டாகக் குறைந்து நிறுத்திவைப்பு தொடர்ந்தது; 2017இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. புகார் கொடுத்தவர்கள் வெளியிலிருந்து வந்த எதிரிகள் அல்லர். அவர் கையால் அபிஷேகம் பெற்ற மூப்பர்கள். 2008இல் பேச்சளவில் நடந்த கைமாற்றத்துக்கு இவர்களே சட்ட வடிவம் தேடினார்கள். இதில் லீயின் நிலை கடினமானது: வழக்கு நடந்த ஆண்டுகளிலும் சோ ஓய்வுபெற்ற போதகராக அதே மேடையில் பிரசங்கித்தார். லீ அவரை ஒதுக்கவில்லை, மூப்பர்களைத் தடுக்கவும் இல்லை. இதைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. சபை இரண்டாகப் பிளக்காமல் காத்தது அந்தப் பொறுமைதான் என்று நான் கருதுகிறேன். நியாயம் தாமதமானது அதற்குக் கொடுத்த விலை.

சோ 2021 செப்டம்பர் 14 அன்று, 85ஆம் வயதில் இறந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் மனைவி மறைந்திருந்தார். இப்போது கொரியாவின் பிறப்பு விகிதம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. குழந்தை பெறும் உறுப்பினர்களுக்குச் சபை உதவித்தொகை தருகிறது. பகலில் வீட்டில் இருந்து கூட்டம் நடத்திய தலைமுறைப் பெண்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களின் மகள்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். 1964இல் உதவிக்காரர்கள் சொன்ன பதிலையே, வேலை முடிந்து திரும்ப இரவாகிறது என்பதையே, இன்று இந்த மகள்கள் சொல்கிறார்கள்.